ஜெலாப்பாங்கில் அலேசியார்

மலேசியாவில் ஈப்போ நகரத்தில் நான் போய் இறங்கிய அன்று மாலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் வரை வெயில் மண்டையைப் பிளப்பதும், சாயங்காலம் வானம் கறுத்துக் கொட்டித் தீர்ப்பதும் அந்த ஊரின் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். திருச்சிக்காரனுக்கு மழையைக் கண்டால் மனசு குளிர வேண்டும். எனக்குக் குளிரவில்லை. வந்த காரியம் அப்படிப்பட்டது.

என் அக்கா ஆரோக்கியமேரி ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாவது மாடியில் தனியாக இருக்கிறாள். லிஃப்ட் உண்டு, ஓடாது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மகள் ஜெசிந்தா கல்யாணமாகி ஜொகூர் பாருவில் இருக்கிறாள். மகன் அலெக்ஸ் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் வேலைக்கு என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். வீடு திரும்பவில்லை. மோட்டார் சைக்கிள் ரயில் நிலையத்துக்கு வெளியே பூட்டியபடி நின்றது. வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. தேடாத இடம் இல்லை. இன்றுவரை அவன் இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

அக்கா இரண்டு தடவை படியில் உருண்டு விழுந்துவிட்டாள். "மாமா, நீங்க நேர்ல வந்து சொன்னாத்தான் அம்மா கேப்பாங்க. எங்கூட வாங்கன்னு கூப்ட்டா, அலெக்ஸ் வந்தா வீடு பூட்டிக் கெடக்குமேன்னு சொல்றாங்க. அண்ணன் இனிமே எங்க மாமா வரப்போறாரு? எனக்கு முடியல" என்று ஜெசிந்தா போனில் அழுதாள். தாய்மாமனை எல்லோரும் சீர் செய்யக் கூப்பிடுவார்கள். என்னை இதற்குக் கூப்பிட்டார்கள். ரயில்வே பணிமனையில் காலமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். அக்காவோடு மல்லுக்கட்டி மட்டும் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

நனைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறப் போனபோது, மாடிப்படிக்கு அடியில், மின்சார மீட்டர்களுக்குப் பக்கத்தில் அட்டை விரித்து ஒருவர் படுத்திருந்தார். வயது ஐம்பதும் சொல்லலாம், எழுபதும் சொல்லலாம். நெற்றியில் திருநீறு. "நாலாவது மாடியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அக்கா ஒங்களத் தேடிக்கிட்டு ரெண்டு வாட்டி கீழ எறங்கி வந்துச்சி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

கதவைத் திறந்த அக்கா என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். "வந்துட்டியா தம்பி! இப்பிடி நனைஞ்சிட்டு வந்திருக்கியே லா" என்றாள். இருபது வயதில் திருச்சிப் பேச்சோடு கப்பலேறிப் போனவள். பேச்சின் கடைசியில் ஒட்டுகிற அந்த மலேசிய 'லா'வைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"எதுக்கு வந்திருக்கன்னு எனக்குத் தெரியும். மொதல்ல சாப்பிடு" என்று தட்டை வைத்தாள். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலிக் கருவாடு போட்டு வதக்கிய சம்பல். உறைப்பும் இனிப்பும் ஒன்றாக நாக்கில் ஏறின. எங்கள் வீட்டில் குழம்பில் சர்க்கரை விழுந்தால் பெரிய ரகளையே நடக்கும். அங்கே வாயை மூடிக்கொண்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மழை விட்டதும் அக்கா ஒரு தட்டில் சோறும் மீன்குழம்பும் போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டாள். நானும் பின்னால் போனேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். கடைசிப் படியில் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். படிக்கடியில் படுத்திருந்தவர் எழுந்து வந்து சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அந்த மனிதர் பழகியவர்போலத் தலையை நிமிர்த்தியே சாப்பிட்டார்.

இதற்குப் படிச்சோறு என்று பெயர். அக்கா வாழ்க்கைப்பட்டுப் போன ரப்பர் தோட்டத்தில் வேதக்காரப் பெண்கள் செய்த வழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லயம் என்கிற தொழிலாளர் வரிசைவீட்டின் கடைசிப் படியில் ஒரு தட்டுச் சோறு வைப்பார்கள். வழிப்போக்கன், பைத்தியம், குடிகாரன், யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். அந்தத் தட்டு காலியாகும்வரை வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். முக்கியமான விதி ஒன்று உண்டு. சாப்பிடுகிறவரின் முகத்தை வீட்டுக்காரி பார்த்தே ஆக வேண்டும். சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டால் அது படிச்சோறு ஆகாது.

காரணம், அந்தத் தோட்டத்துக் கோயிலில் இருந்த அலேசியார் படம். அந்தக் கோயிலில் புனிதர்களுக்குக் குறைவில்லை. மலேரியாவுக்கும் பேதிக்கும் பயந்தவர்கள் உடம்பெல்லாம் அம்பு தைத்த செபஸ்தியாரிடம் போனார்கள். தொடையில் கொள்ளைநோய்ப் புண்ணோடு காட்டில் கிடந்தபோது நாய் ரொட்டி கொண்டுவந்து கொடுத்த ஆரோக்கியநாதரிடம், ஆறாத புண் உள்ளவர்கள் போனார்கள். அலேசியாரிடம் பிள்ளை இல்லாதவர்கள் போனார்கள். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெற்ற தாயை அந்தப் பாடுபடுத்திய ஒருவரிடம் போய்ப் பிள்ளை கேட்பார்களா?

அவர் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரோமாபுரியில் பெரிய பணக்காரரின் ஒரே மகன். கல்யாணத்தன்று இரவே மனைவியை விட்டுவிட்டு, கப்பலேறிச் சீரியா தேசத்துக்குப் போய், ஒரு கோயில் வாசலில் பிச்சைக்காரராக உட்கார்ந்துவிட்டார். தேடிவந்த அப்பாவின் வேலைக்காரர்களே அடையாளம் தெரியாமல் அவருக்குப் பிச்சை போட்டுவிட்டுப் போனார்கள். பதினேழு வருஷம் கழித்து அங்கிருந்தும் கிளம்பினார். காற்று கப்பலைத் தள்ளிக் கொண்டுவந்து ரோமாபுரியிலேயே சேர்த்துவிட்டது. சொந்த வீட்டு வாசலில் போய் நின்று, பரதேசிக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா நல்லவர். மாடிப்படிக்கு அடியில் இடம் கொடுத்து, சோறும் போடச் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே இன்னொரு பதினேழு வருஷம். வேலைக்காரர்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரை அவர் தலையில் ஊற்றி விளையாடினார்கள். செத்த பிறகுதான் அவர் யார் என்று தெரிந்தது. அம்மா பிணத்தின்மேல் விழுந்து புரண்டாள்.

சின்ன வயதில் கோயிலில் இந்தக் கதையைக் கேட்டதிலிருந்தே எனக்கு அலேசியார்மேல் கோபம். மேலே அம்மா மகனை நினைத்து அழுகிற சத்தம் கீழே கேட்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே பதினேழு வருஷம் வாயைத் திறக்காமல் படுத்திருந்த மனிதருக்குப் புனிதர் பட்டம். கல் நெஞ்சுக்குக் கொடுக்கிற பட்டம் என்றால் சரிதான்.

அக்கா ஆறு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, அந்தப் படத்துக்கு முன்னால் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தாள். அலேசியாரின் இந்தக் காலத்துப் பெயர்தான் அலெக்ஸ். அவன் காணாமல் போனபோது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். பேர் வைத்த நேரம், அவர் மாதிரியே போய்விட்டான். நானும் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது அக்காவிடம் மறுபடியும் சொல்லிவிட்டேன்.

"போனவர ஏன்டா ஏசுற?" என்றாள் அக்கா. "சோறு போட்டாங்க, எடம் குடுத்தாங்க. பதினேழு வருஷம் ஒருத்தர்கூட குனிஞ்சி மொகத்தப் பாக்கல. தப்பு யாரு மேல? நான் அப்பிடி இருக்க மாட்டேன்டா. எம்பிள்ள இந்தப் படியில வந்து ஒக்காந்தா எனக்குத் தெரியாமப் போவாது."

ஜொகூர்ப் பேச்சை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போட்டேன்.

காலை வேளைகளில் இரண்டாவது மாடி மணியோடு வெளியே போவேன். மணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முருகன் பக்தர். ஆனால் வேனில் முருகனுக்குப் பக்கத்தில், குழந்தை இயேசுவைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடக்கிற கிறிஸ்தோபர் படமும் தொங்கும். அக்கா கொடுத்தது. "ரெண்டு பேரும் இருக்கட்டும்ணே, இந்த ஊரு ரோட்டுக்கு ஒருத்தர் பத்தாது லா" என்பார்.

ராமநாதபுரத்து வம்சாவளி பாய் ஒருவரின் கடையில் ரொட்டி சானாயும், தே தாரேக் என்கிற இழுத்து ஆற்றிய டீயும் சாப்பிடுவோம். நம் ஊர் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பிதான் இந்த ரொட்டி. பருப்புக் குழம்போடு காலையிலேயே சாப்பிடுகிறார்கள். ஒருநாள் பக்கத்து மேசையில் ஒரு சீனப் பெரியவர் பாயிடம் மலாயில் ஏதோ சத்தம் போட்டார். மணி மொழிபெயர்த்தார். "நேத்து கொழம்புல உப்பில்ல, இன்னைக்கு டீயில சீனியில்ல, கடைய என்கிட்ட குடுத்துட்டு நீ தூங்கப் போன்னு சொல்றாரு." பாய் அசையாமல் ஒரு கரண்டி சீனியைக் கொண்டுவந்து அவர் குவளையில் போட்டார். நான் அங்கே வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாளோ என்ற நப்பாசை. சின்ன வயதுக்காரர், கலகலப்பானவர். "அங்கிள், உண்மையச் சொன்னா அந்த அலேசியார்னு ஒருத்தர் இருந்தாரான்னே சந்தேகம் லா. பொதுக் காலண்டர்லேருந்து அவர எப்பவோ எடுத்துட்டாங்க" என்றார். நான் உற்சாகமாகி, அக்காவைக் கூப்பிட்டு அவளுக்கு எதிரிலேயே மறுபடி சொல்லச் சொன்னேன்.

அக்கா நிதானமாகக் கேட்டாள். "எடுத்துட்டாங்களா ஃபாதர்? பரவால்ல. அவருக்கு வெளிய படுத்துப் பழக்கம்தான்."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் மணியின் வேனில் பழைய தோட்டத்துக்குப் போனோம். கோப்பெங் தாண்டிக் கொஞ்ச தூரம். வழிநெடுகச் சுண்ணாம்புக் குன்றுகள். பாதிக் குன்றை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை வெள்ளையாக நிறுத்திவைத்திருந்தார்கள். ரப்பர் மரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் செம்பனை, பாமாயில் மரம். ரப்பர்க் காட்டில் அண்ணாந்தால் வெளிச்சம் தெரியும் என்று அக்கா சொன்னாள். செம்பனைக்கு அடியில் நடுப்பகலிலும் இருட்டு.

உள்ளே மண் பாதையில் வேனின் பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. மணி கிறிஸ்தோபரைத் திட்டினார், பிறகு முருகனைத் திட்டினார். பழக்குலை சுமந்துகொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளிகள் நாலு பேர் வந்து தள்ளினார்கள். நானும் தள்ளி, இடுப்புவரை சேறானேன். வேன் வெளியே வந்ததும் அக்கா அவர்களுக்குப் பையிலிருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தாள். கொடுக்கும்போது நாலு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

லயங்கள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. "இதான் பெரட்டுக்களம். விடியக்காலையில எல்லாரும் இங்க வந்து நிப்போம், பேர் கூப்புடுவாங்க" என்று அக்கா ஒரு புல்மேட்டைக் காட்டினாள். கோயில் பூட்டியிருந்தது. கூரை ஒருபக்கம் இறங்கிவிட்டது. நிலத்தை வாங்கியவர்கள் எப்போது வேண்டுமானாலும் இடிப்பார்கள் என்று மணி சொன்னார். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வௌவால் நாற்றம். செபஸ்தியார் சுரூபத்தையும் ஆரோக்கியநாதரையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அலேசியார் படம் மட்டும் சுவரில் இருந்தது. மேல்பாதியில் மாளிகையும் மாடிப்படியும் தெரிந்தன. கீழ்ப்பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

அக்கா எட்டிப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும், போன வருஷமே பாத்துட்டேன். வா, மழை வரப்போவுது" என்றாள். எங்கள் வீட்டின் முதல் பெண்ணை இந்தக் காட்டுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் ஊரில் சவுக்கியமாக இருந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை மணி மூச்சிரைக்க மேலே வந்தார். படிக்கடியில் இருந்தவர் மூச்சுவிட முடியாமல் கிடப்பதாகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. நாங்கள் வேனில் பின்னாலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். போய்ச் சேர்ந்தபோது ஆள் போய்விட்டிருந்தார்.

அவரிடம் ஐசி இல்லை. அந்த நாட்டில் ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாதவன் செத்தாலும் சுசாதான் என்று மணி சொன்னார், சிரமம் என்று அர்த்தம். சவக்கிடங்கில் இருந்த மலாய்க்காரப் பெண் பொறுமையாகக் கேட்டாள். உறவா? இல்லை. பேர் என்ன? தெரியாது. எவ்வளவு நாளாகத் தெரியும்? "ஏழெட்டு வருஷமா சோறு போடுறேன்" என்றாள் அக்கா. மணி அதை மலாயில் சொன்னார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தாள். பேரைக் கேட்கவே இல்லையா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அக்காவே வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து புலம்பினாள். "மொகத்த பாத்துப் பாத்து, எம்பிள்ள இல்ல, எம்பிள்ள இல்லன்னே எந்திரிச்சி வந்துட்டேன்டா. ஒம் பேரு என்னான்னு ஒரு வார்த்த கேக்கலியே. நானும் அந்த ரோமாபுரிக்காரங்கதான்."

அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அலெக்ஸ் போனபோது போனில் மட்டும் கேட்டேன்.

சொந்தக்காரர் யாரும் வராவிட்டால் அரசாங்கமே ஒரு மூலையில் புதைத்துவிடுமாம். அக்கா ஒரே பிடியாக நின்றாள், அவரைத் தான்தான் அடக்கம் செய்வேன் என்று. போலீஸ், ஆஸ்பத்திரி, பங்குக்கோயில் என்று அடுத்த இரண்டு வாரமும் மணியும் நானும் அலைந்தோம். முதலில் அவருடைய ஆட்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று போலீஸில் சொன்னார்கள். அவர் என்றைக்கோ ஒருநாள் ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரின் பெயரைச் சொன்னதாக அக்காவுக்கு ஞாபகம். தீபாவளிக்குப் புதுச்சட்டை கொடுத்தபோது மணி தன் போனில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அந்தப் படத்தோடு, அக்காவும் சேர மூன்று பேரும் புறப்பட்டோம்.

ஹுத்தான் மெலிந்தாங் ஆற்று முகத்தில் இருக்கிற மீன்பிடி ஊர். மீன் வாடை, ஐஸ் உடைக்கிற சத்தம், பலகை வீடுகள். நாகப்பட்டினம் பக்கம் எங்கோ வந்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மாரியம்மன் கோயில் பூசாரியிடம், மீன் ஏலக்காரரிடம், முடிவெட்டுகிறவரிடம் எல்லாம் படத்தைக் காட்டினோம். யாருக்கும் தெரியவில்லை.

கடைசியாக மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் விற்கிற ஒரு தமிழ்ப்பெண்ணின் கடையில் உட்கார்ந்தோம். நாற்பது வயது இருக்கும். நாங்கள் கேட்காமலே, "யாரத் தேடுறீங்க? காட்டுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். வாணலியில் நூடுல்ஸ் கருகுகிற வாடை வந்தது.

"எங்க அண்ணன் இல்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அண்ணன் கப்பல்ல வேலைக்குப் போறேன்னு போச்சி. நான் அப்ப ஸ்கூல் படிக்கிறேன். யாராச்சும் போட்டோவோட வந்தா நான் பாத்துருவேன்." பிறகு அக்காவிடம் கேட்டாள். "ஒங்களுக்கு இவரு என்னா ஒறவு?"

"ஒறவு இல்லம்மா. ஒனக்கு அண்ணன் மாதிரி எனக்கு மகன்" என்றாள் அக்கா. தன் பர்ஸிலிருந்து அலெக்ஸின் படத்தை எடுத்தாள். அந்தப் பெண் அதையும் அதேபோல வெகுநேரம் பார்த்தாள். பார்த்ததில்லை என்றாள். அக்கா அவளுடைய அண்ணன் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அரைக்கால் சட்டையும் சுருட்டை முடியுமாக ஒரு பையன். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மனசுல வச்சிக்கிறேன்மா" என்றாள். கிளம்பும்போது அந்தப் பெண் எங்கள் மூன்று பேருக்கும் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி, தப்பாவ், தப்பாவ் என்று கையில் திணித்தாள். திரும்பி வருகிற வழியில் யாரும் அதைப் பிரிக்கவில்லை.

ஒருவழியாக உடலைக் கொடுத்தார்கள். நான் ஊருக்குத் திரும்ப நாலு நாள் இருந்தபோது அடக்கம். பங்குக் கல்லறையில் ஓரமாக ஒரு இடம் தந்தார்கள். ஜெசிந்தா லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள், பஸ் தாமதம்.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் மணி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "அண்ணே, அவரு துந்நூறு பூசுற மனுஷன். சிலுவை வச்சிக்கிங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஒரு துளி பூசிவிட்டுறவா?" நான் சாமியாரைப் பார்த்தேன். அவர் பூசைப் புத்தகத்தில் மும்முரமாகப் பக்கம் தேட ஆரம்பித்தார். மணி சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து அந்த நெற்றியில் மூன்று விரலால் இழுத்துவிட்டார். அக்கா அந்த முகத்தைக் கடைசியாகப் பார்த்தாள்.

சாமியார் ஜெபத்தைத் தொடங்கப் போனவர் நிறுத்தினார். "ஆன்ட்டி, இங்க பேர் சொல்லணும். என்னா பேர் சொல்றது?"

"அலெக்ஸ்" என்றாள் அக்கா.

சாமியார் அதை ஞானஸ்நானப் பெயர் மாதிரி எடுத்துக்கொண்டு ஜெபத்தைச் சொன்னார். மண் போட்டு முடித்தபோது, அக்கா பையிலிருந்து சின்ன மரச்சிலுவை ஒன்றை எடுத்தாள். முதல் நாளே மணியிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறாள். வெள்ளைப் பெயிண்டில் அலெக்ஸ் என்று இருந்தது. அதை நட்டுக்கொண்டிருக்கும்போது ஜெசிந்தா தோள்பையோடு ஓடிவந்தாள்.

சிலுவையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "யாரும்மா இப்பிடி எழுதச் சொன்னது?"

"நான்தான்."

"இது அண்ணன் இல்லம்மா!"

"பெத்தவளுக்குத் தெரியாதா இது யாருன்னு? தெரிஞ்சிதான் எழுதச் சொன்னேன்."

"அப்பறம் ஏம்மா? உசுரோட இருக்கறவன் பேர யாராச்சும் குழி மேல எழுதுவாங்களா?" என்று ஜெசிந்தா கத்தினாள். அண்ணன் இனி வரமாட்டான் என்று எனக்குப் போனில் சொன்ன அதே ஜெசிந்தா. பிடுங்கப் போவதுபோலச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, பிடுங்காமல் அப்படியே அழுதாள்.

அக்கா அவள் தலையில் கை வைத்தாள். "இங்க பாரு. நம்ம அலெக்ஸ் எங்கியாச்சும் ஒரு படிக்கடியில செத்துப் போயிருந்தான்னு வையி. ஐசி இல்ல, பேர் தெரியல. அங்கயும் பிள்ளயத் தேடுற ஒருத்தி இருந்திருப்பா இல்ல? அந்த மெலிந்தாங் பொண்ணு மாதிரி. அவ வச்சிருந்த பேர அவனுக்குக் குடுத்து அனுப்பியிருப்பா. எங்கிட்ட இருந்தது இந்தப் பேருதான். இவருக்குக் குடுத்துட்டேன்."

செத்துப் போயிருந்தான் என்ற வார்த்தையை இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அக்கா ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எங்களையும் சொல்ல விட்டதில்லை. ஜெசிந்தாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

"வீட்டக் குடுத்துரு ஜெசி. நான் ஒங்கூட வாரேன்" என்றாள் அக்கா.

இந்த ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து வரவழைக்கத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன். அவள் இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"இரு அக்கா, என்ன அவசரம்?" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருந்து பார்ப்போம். வரமாட்டான்னு யார் சொன்னா?"

ஜெசிந்தா என்னை முறைத்தாள். அக்கா திரும்பி, சேற்றில் ஊன்றியிருந்த குடையை எடுத்துக்கொண்டாள்.

"கால் வலிக்குதுடா தம்பி" என்றாள். "வேன் வரைக்கும் கையப் புடி."